மங்களம் அக்காவின் கடை வாடகை

பரமசிவம் அண்ணன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு கம்பெனியில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை. வெளிநாட்டுக்காரர்களிடம் குத்தகைக்கு எடுத்த இயந்திரங்களுக்கு வாடகை அனுப்பும்போது, அதில் வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டுவது அவர் வேலை. ஒரு காசு பிசகியதில்லை. பிடோக்கில் வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள், மதியம் தயிர்சாதம். அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

திருச்சியில் அவருக்கு மங்களம் என்று ஓர் அக்கா. கல்யாணம் ஆகாதவர், பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்துக்கொண்டது. ஆண்பிள்ளை என்று அப்பா கடையைத் தம்பி பேரில் எழுதிவிட்டுப் போனார். வாடகை மட்டும் அக்காவுக்குப் போனது. தம்பி தன் சம்பளத்தில் அனுப்பினால் வாங்கமாட்டார். "உன் பிள்ளைங்களுக்கு வை, எனக்கு அப்பா கடை போதும்" என்பார். அந்த வாடகையில்தான் சாப்பாடு, மருந்து, தினமும் வந்து கைத்தாங்கலாகக் குளிக்கவைக்கும் பாப்பம்மாளின் சம்பளம்.

போன வருஷம் திடீரென்று அண்ணனுக்கு உறைத்தது. கடையை வாடகைக்கு எடுத்தவர் முழு வாடகையும் கொடுத்துவருகிறார். கடையின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வரியாகப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். உடனே போன் போட்டுப் பிடிக்கச் சொல்லிவிட்டார்.

"கம்மியா பிடிக்கச் சொல்லி முதல்ல வரி ஆபீஸ்ல அப்ளை பண்ணுங்கண்ணே. அக்கா பாவம் லா," என்றேன்.

"எதுக்கு? இந்தச் சின்ன வாடகைக்கு வரியே வராது, வருஷம் முடிஞ்சதும் ரீஃபண்ட் வந்துடும். அக்காகிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டாங்க."

அக்கா எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை! பாப்பம்மாளை நிறுத்திவிட்டார். தம்பியிடம் மூச்சுவிடவில்லை.

தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டார் கதவை உடைத்தபோது உயிர் இல்லை. காரியத்துக்குப் போன இடத்தில்தான், வேலைக்காரியை நிறுத்திய விஷயம் அண்ணனுக்குத் தெரிந்தது. பாப்பம்மாள் அப்போது மகள் ஊரில் இருந்தாள். சிங்கப்பூர் திரும்பிய அண்ணன் எங்களிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். வேலையில் மட்டும் இப்போதும் பிசகில்லை, அதுவே எனக்கு எரிச்சல்.

போன வாரம் ரீஃபண்ட் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் பாப்பம்மாளின் நம்பரைத் தேடிப்பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பணத்தை அவளே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"எனக்கு எதுக்குங்க அய்யா?" என்றாள் அவள். "சம்பளம் வேணாம், சும்மாவே வர்றேன்னு அன்னைக்கே சொன்னேன். அக்காதான் கேக்கல. 'ஓசியில வேலை வாங்கமாட்டேன், தம்பி சொன்ன பணம் வந்ததும் கூப்பிடுறேன், அதுவரைக்கும் பாத்து நடந்துக்கிறேன்'னு சொல்லி அனுப்பிட்டாங்க."

அண்ணன் போனை மேசையில் வைத்துவிட்டு அழுதார். அவள் அந்தப் பக்கம் "அய்யா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.