அண்டாவில் அவிந்த பவளக்கல்

ஆரணியில் கடல் கிடையாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் கடல் நாற்றம் அடித்தது. மீன் வளர்ப்புத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் எந்த மீன் சீக்கிரம் முட்டை வைக்கும், எது விலை போகும் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

1. மூன்றாவது விதி

என் பட்டறை என்பது வீட்டு மொட்டைமாடியில் இருக்கிற தகரக் கொட்டகை. இருபது வருடமாகச் சின்ன சிக்லிட் மீன்களை அங்கேதான் பெருக்குகிறேன். அதிகம் விற்பது கிரிபென்சிஸ். வியாபாரத்தில் கிரிப் என்போம். விரல் நீளம்தான் இருக்கும். கொட்டாங்குச்சிக்குள் முட்டை வைத்துவிட்டு, அம்மாவும் அப்பாவும் சேர்ந்து குஞ்சுகளை மேய்க்கும். குஞ்சைப் பார்த்துக்கொள்வதில் நிறைய மனிதர்களைவிட மேல்.

வாங்கிப் போகிறவர்கள் கண்ட கல்லையும் கட்டையையும் தொட்டியில் போட்டு மீனைக் கொன்றுவிட்டு, "இன்னாக்கா நோய் மீன குட்த்துட்டியே" என்று சண்டைக்கு வருவார்கள். பேஜாராகிப் போய் எட்டு விதி எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, அட்டையில் ஒட்டி எல்லோருக்கும் கொடுத்தேன். மூன்றாவது விதி இது: "கல், கட்டை, கொட்டாங்குச்சி எதுவானாலும் அரை மணி நேரம் கொதிக்க வைத்த பிறகே தொட்டியில் போடவும்."

சரியான விதிதான். நன்னீர் மீனுக்கு.

2. பட்டன் பாலிப்

பிறகு பவளத்திலும் இறங்கினேன். கல் பவளத்தை விற்பது சட்டப்படி குற்றம், அதை நான் தொட்டதில்லை. நான் வளர்த்தது பட்டன் பாலிப். கடல் தண்ணீரில் வளர்கிற, தோல்போல மெத்தென்று இருக்கிற உயிர்ப் பவளம். சட்டைப் பித்தான் அளவுக்குக் கூட்டம் கூட்டமாகக் கல்லில் ஒட்டியிருக்கும். நீல விளக்குப் போட்டால் பச்சையும் ஆரஞ்சுமாக விரியும். விளக்கை அணைத்தால் கண்ணை மூடுவதுபோல மூடிக்கொள்ளும். பிளேடால் ஒரு துண்டு வெட்டிப் பசை போட்டு வேறு கல்லில் ஒட்டினால் அது தனிக் கூட்டமாகிவிடும்.

வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுவேன். அதற்குள் விஷம் இருக்கிறது, கண்ணில் பீச்சினால் பார்வை போய்விடும் என்று முதல் துண்டைக் கொடுத்த சென்னை வியாபாரி சொல்லியிருந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எவன் வாங்குவான்?

வாங்கியவர்களில் ஒருவர் சரவணன். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். முன் அறையில் அவர் மனைவி மகேஸ்வரியின் தறி. பின் அறையில் அண்டாவும் அடுப்பும். கச்சாப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசையை எடுத்துவிட்டுத்தான் சாயத்தில் போடுவார். நூலில் தூசு படக்கூடாது என்று ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். தறிக்குப் பக்கத்தில் இரண்டு தொட்டி. ஒன்றில் கிரிப் ஜோடியும் அதன் குஞ்சுகளும், இன்னொன்றில் உப்புத் தண்ணீரில் பவளம். பத்து வயது மகள் யாழினிதான் இரண்டுக்கும் எஜமானி.

கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் கடல் தொட்டி சூடாகிவிட்டது. பாலிப்புகள் மூடியவை மூடியபடியே இருந்தன. ஒரு சனிக்கிழமை சரவணன் போன் செய்தார்.

"அக்கா, பவளம் போயிடுச்சுனு நெனைக்கிறேன். அந்தக் கல்லுல நல்லா பொந்து பொந்தா கீது. கிரிப்புக்கு வெக்கலாமா?"

நான் அப்போது ஐம்பது பையில் மீன் கட்டிக்கொண்டிருந்தேன். எரிச்சல்.

"கல்லுதான, வெய்யி. அட்டைல எழுதிக் குட்த்துக்கீறேன்ல, அத்தப் படி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கல்லில் பாலிப் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. கேட்கவில்லை.

3. அந்த வீடு

மறுநாள் காலை பத்து மணிக்கு யாழினி போனில் பேசினாள்.

"அத்தே, வாயெல்லாம் கசக்குது. செம்புக் காச வாய்ல போட்ட மாதிரி. அம்மாக்கும் அப்பிடித்தானாம். தொட்டில எதுனா ஆயிருக்குமா?"

"அப்பா எங்கடி?"

"கல்ல அவிச்சிகினு கீறாரு."

வண்டியை எடுத்தேன். அந்தத் தெருவில் ஞாயிறென்றும் பார்க்காமல் தறி ஓடும். அன்றும் இரண்டு பக்கமும் சத்தம். சரவணன் வீட்டில் மட்டும் சத்தமில்லை. அவர்கள் வளர்க்கிற நாய் நடுத்தெருவில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டும் வாசல் பக்கம் வரவில்லை.

உள்ளே கால் வைத்ததும் அந்த நாற்றம். மீன் நாற்றமில்லை. ஆழத்திலிருந்து எதையோ வெளியே எடுத்துப் போட்டதுபோல. அறை முழுக்க லேசான ஆவி. காலித் தொட்டிமேல் நீல விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதனால் ஆவியும் நீலமாக இருந்தது.

மகேஸ்வரி தறியில் உட்கார்ந்திருந்தாள். கை மடியில் கிடந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"வாங்கக்கா, உக்காருங்க. டீ போடறேன்" என்றாள். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே குரலில், "டீ போடறேன்க்கா" என்றாள்.

யாழினி சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பின் அறையில் சரவணன் அண்டாமேல் குனிந்து, நூலைப் புரட்டுகிற கோலால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். சாயக்காரர் கொதிக்கிற அண்டாவை விட்டு நகரமாட்டார். முகத்தை ஆவிக்குக் கொடுத்துத்தான் நிற்பார். அதுதான் அவர்கள் தொழில் பழக்கம். உடம்பு நடுங்கியது, கோல் மட்டும் நிற்கவில்லை.

"அரை மணின்னு போட்டுக்கினு கீது. ஒண்ற மணி ஆச்சுக்கா. தோலு உரிய மாட்டேங்குது. இன்னும் பத்து நிமிஷம்" என்றார்.

அண்டாவுக்குள் பார்த்தேன். ஒரு பாலிப்கூட செத்த நிறத்தில் இல்லை. கொதிக்கிற தண்ணீரில் பச்சையும் ஆரஞ்சுமாக அப்படியே இருந்தன. அடுப்புக்குமேல் சுவரில் என் அட்டை ஒட்டியிருந்தது. ஆவி பட்டு அதன் ஓரம் சுருண்டிருந்தது.

அப்போதுதான் என் நாக்கிலும் செம்பு ருசி ஏறியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்பை அணைத்தேன். அண்டாவைத் தட்டால் மூடினேன். "ஜல்தி வெளிய வாங்க, எல்லாரும்" என்று கத்தினேன். மகேஸ்வரி அசையவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். சரவணன் தானாக வந்தார், கையில் கோலோடு. யாழினியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது பத்து வயதுப் பிள்ளை துணிபோலத் தோளில் கிடந்தது. இரண்டு பக்கமும் தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

4. டாக்டர்

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர்.

"நேத்து என்ன சாப்பிட்டாங்க? மீனா?"

"மீனு சாப்பிடலங்க, வளத்தாங்க. பவளத்த அவிச்சிட்டாங்க. அந்த ஆவி விஷம்."

"பவளமா? மோதிரத்துல போடறதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர்மேல் என்ன தப்பு? கடலுக்கு இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊரில் பவள விஷத்தோடு யார் வந்திருப்பார்கள்? போனைத் திறந்து பாலிப் படத்தையும் அந்த விஷத்தைப் பற்றி எழுதியிருந்ததையும் காட்டினேன். முழுதாகப் படித்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வீண் பேச்சுப் பேசவில்லை. மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்து வேலூருக்கு அனுப்பினார். அந்த விஷத்துக்கு முறிமருந்து இல்லையாம். மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியமாம்.

பெரியவர்கள் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். யாழினிக்கு ஐந்து நாள். முதல் மூன்று நாள் யாரும் எங்களிடம் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கும் காய்ச்சலும் இருமலும் இருந்தன. மருந்து வாங்கிக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் அவள் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "குஞ்சுங்களுக்குத் தீனி போட்டீங்களா அத்தே?"

போட்டிருந்தேன். ஆள் வைத்துக் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு போனேன். கல்லைத் தெருக்கோடிக்கு எடுத்துப் போய் ப்ளீச்சிங் கரைசலில் ஊறவைத்துப் புதைத்தேன். கிரிப் ஜோடி அந்த வீட்டில் எதுவுமே நடக்காததுபோலக் குஞ்சு மேய்த்துக்கொண்டிருந்தது.

5. கேட்டது

அவர்கள் வீடு திரும்பிய அன்று எல்லாவற்றையும் சொன்னேன். விஷம் இருப்பது தெரியும், அதனால்தான் கையுறை போட்டு வெட்டுவேன், சொல்லாமல்தான் விற்றேன் என்று.

மகேஸ்வரி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அட்டைல இருந்தத் தானக்கா செஞ்சாரு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது பட்டன் பாலிப் விற்பதில்லை. என்னிடம் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். எல்லா அட்டையையும் திரும்ப வாங்கிக் கிழித்தேன். புது அட்டையில் முதல் விதி: "கடல் தொட்டியில் இருந்த கல்லைக் கொதிக்க வைக்காதே, தேய்க்காதே, வெறுங்கையால் தொடாதே. எனக்கு போன் செய்." தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பொருளைப் பற்றி உனக்குத் தெரிந்த கெட்டதைச் சொன்ன பிறகும் வாங்குகிறவனுக்கு மட்டும் விற்றுக்கொள். சொல்லாமல் விற்பதெல்லாம், நான் மீன்பையில் கட்டிக் கொடுத்ததுபோல, விஷம்தான்.

இன்றும் எங்காவது அண்டா கொதித்தால் நாக்கில் செம்பு ருசி வருகிறது. டாக்டர் அதெல்லாம் நினைப்புதான் என்கிறார்.

எல்லாவற்றையும் சொன்ன அன்று நான் கிளம்பும்போது சரவணன் வாசல்வரை வந்தார். சண்டைக் குரலில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

"அக்கா, நீ வெட்டும்போது கையுறை போட்டுக்கினுதான வெட்டுவ. ஒரு ஜோடி எனக்குக் குட்த்திருந்தா, ஏன்னு கேட்டிருப்பேன்ல?"

கையுறைப் பெட்டி எப்போதும் என் பட்டறை மேசைக்கு அடியில்தான் இருந்தது. அவருக்குப் பவளத்தைக் கட்டிக் கொடுத்தபோது என் கால் அதன்மேல் இடித்தது.