வத்தல் நெடி என்று நினைத்த மூக்கு ரத்தம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், விருதுநகரில் சொந்தமாக மிளகாய் வத்தல் மண்டி வைத்தவன். ரத்தப் புற்றுநோய் வந்தபோதுகூட தினமும் மாத்திரை போட்டு அதை அடக்கிவிட்டு, பல வருடம் தொழில் நடத்தினேன். அதையே ஜெயித்தாயிற்று என்ற மிதப்பில், ரத்தப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

போன வத்தல் சீசனில் அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தது. உடம்பும் ஓய்ந்துபோனது.

"எல்லாம் வத்தல் நெடிதான்" என்றேன்.

"நெடிக்குத் தும்மல்ல வரும்? இம்புட்டு வருசமா வராத ரத்தம் இப்ப மட்டும் ஏன் வருது? பெரிய டாக்டரு இவுக! கெளம்புங்க" என்று என் மனைவி மதுரைக்கு இழுத்துப் போனாள்.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "பழைய நோய் அடங்கித்தான் இருக்குய்யா. இது வேற. புதுசா இன்னொரு ரத்தப் புற்றுநோய். ரொம்ப நாள் சிகிச்சையில இருக்கவங்க சிலருக்கு அபூர்வமா வரும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா கஷ்டம்."

இப்போது பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான் கழிகிறது. மண்டியில் உட்கார்ந்து ஆட்களை அதட்டத் தெம்பில்லை. வத்தலைக் கையில் அள்ளினாலே தரம் சொல்கிறவன் நான். என் உடம்புக்கு மட்டும் நானே காரணம் சொல்வதை விட்டுவிட்டேன். எது புதிதாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் சொல்கிறேன். ஒன்றும் தெரியாவிட்டாலும், அவர் சொன்ன நாளில் போய்ப் பரிசோதனைக்குக் கையை நீட்டிவிடுகிறேன்.