அக்கா ஏலத்துக்குக் கொண்டுவந்த ஜாடி

திராட்சை ரசம் என்று நினைத்து ஒரு ஜாடி தண்ணீரை ஏலத்தில் எடுத்தவன் நான். அதுவும் சபையார் அத்தனை பேர் முன்னிலையில், மனைவி முறைக்க முறைக்க, விலையை நானே ஏற்றிவிட்டு. ஜாடியைக் கொண்டுவந்தவர் அக்கா. அவருடைய முதலாம் ஆண்டு நினைவு மலரில் பிறப்பு வளர்ப்பிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று உறவினர்கள் சொன்னார்கள். தொடங்கினேன். நாலு வரிக்குள் பேனா ஜாடிப் பக்கம் ஓடிவிட்டது. அந்த நாலு வரியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா நுரையீரல் நோயில் சீக்கிரமே போய்விட்டார். அக்கா டெலிபோன் ஆபரேட்டர் வேலை வாங்கிக்கொண்டு, அம்மாவையும் என்னையும் பெங்களூர் காக்ஸ் டவுனுக்கு அழைத்துவந்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. என் புத்தகங்களுக்கெல்லாம் காசு கொடுத்தவர் அவர்தான். அவற்றைப் படித்து எனக்குப் புத்தி வந்ததா என்று கடைசிவரை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மை அவருக்கு இருந்தது.

இனி ஜாடி.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் சபையில் கார்கள் பெருகின. சர்ச் வளாகத்தின் மூலையில், கல் பலகை போட்டு மூடிய பழைய கிணறு ஒன்று இருந்தது. அதில் மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே சிமென்ட் போட்டுக் கார் நிறுத்தலாம் என்று கமிட்டி முடிவெடுத்தது. நானும் கமிட்டி மெம்பர். பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்த ஜோரில் இரண்டு கைகளையும் தூக்கினேன். போர்வெல் வற்றிப்போய் சர்ச்சுக்கே லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலம் அது.

வீட்டில் அக்கா கேட்டார்: "கெணத்துல தண்ணி இருக்கான்னு பாத்தியாடா?"

"வெறும் சேறுதானாம்க்கா. செயலாளர் சொன்னாரு."

"அவரு எட்டிப் பாத்தாரா?"

"கல்லு மூடியிருக்கே, எப்படிப் பாக்கறது?"

"சரிடா" என்று அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் உடனே சரி என்றால் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போதாவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் ஆளாளுக்குக் கொண்டுவந்து படைப்பதும், ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவதும் எங்கள் வழக்கம். பூசணிக்காய், கேக், கால் கட்டிய சேவல் எல்லாவற்றுக்கும் நடுவில் அக்காவின் பீங்கான் ஜாடி, வாயில் வெள்ளைத் துணி கட்டி உட்கார்ந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு அக்கா திராட்சை ரசம் ஊறவைப்பது அந்த ஜாடியில்தான். சபையில் அதை அறியாதவர் இல்லை. ஆனால் ஏலத்தில் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? உள்ளே என்ன என்று கேட்டால் கேட்டவரின் ஆசை வெளியே தெரிந்துவிடும். அதனால் யாரும் கேட்கவில்லை. ஏலம் விட்டவர் கண்ணைச் சிமிட்டி, "அக்காவோட ஜாடி!" என்றார். பாஸ்டரையா அவசரமாகச் சேவலைக் கவனிக்கத் தொடங்கினார்.

சேவல் போன விலையை ஜாடி எடுத்த எடுப்பிலேயே தாண்டியது. கடைசியில் செயலாளரும் நானும்தான் மிஞ்சினோம்.

"விட்டுக்குடுங்க தம்பி, எனக்கு மூட்டுவலி. மருந்துக்கு ஆகும்."

"எனக்கும் மூட்டுவலிதாண்ணே!"

"ஒங்களுக்கு எந்த மூட்டு?"

"எல்லா மூட்டும்!"

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா நம்ம வீட்லதாங்க இருக்காங்க! கேட்டா குடுக்கமாட்டாங்களா?" இந்த நியாயம் மறுநாள்தான் எனக்கு எட்டியது.

ஜெயித்தேன். "தொறங்க, தொறங்க!" என்று ஒரே கூச்சல். துணியை அவிழ்த்தேன், டம்ளரில் ஊற்றினேன், கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். தண்ணீர்! சில்லென்ற, சுத்தமான தண்ணீர். தண்ணீர் ரசமான கானாவூர்க் கலியாணம் தலைகீழாகிவிட்டது என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது.

அக்கா மைக்கை வாங்கினார். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த குரல் அது.

"இது நம்ம கெணத்துத் தண்ணி. தோட்டக்காரர வெச்சுக் கல்லக் கொஞ்சமா நகத்தி எறைச்சேன். காய்ச்சி வடிகட்டியிருக்கேன், யாரும் பயப்படாதீங்க. நாளைக்கு இதுமேலதான் மண்ணக் கொட்டப்போறீங்க. ஆண்டவர் குடுத்ததுல முதல்ல எடுத்ததக் கொண்டாங்கன்னு சொன்னீங்க. கொண்டாந்திருக்கேன்."

சிரிப்பு நின்றது. பாஸ்டரையா எழுந்து வந்து ஒரு டம்ளர் குடித்தார். "இன்னொண்ணு குடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான், கூட்டம் ஜாடியை மொய்த்தது! பாதியைக் காப்பாற்றி மறு ஏலத்துக்குக் கொடுத்தேன். தண்ணீர் என்று தெரிந்தே இந்த முறை இன்னும் ஆவேசமாகக் கேட்டார்கள்.

மறுநாள் வந்த மண் லாரியை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். சபையே வெயிலில் நின்று, கயிறு கட்டி, அந்தக் கல் பலகையைத் தூக்கியது. செயலாளரும் இழுத்தார், மூட்டுவலியோடு. சர்ச் கூரையிலிருந்து குழாய் இறக்கி, மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாக மழைநீரைக் கிணற்றுக்குள் விட ஏற்பாடு செய்தோம். முதல் மழை பிரசங்கத்தின் நடுவில் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டதும் எல்லோரும் வெளியே ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஓடியது அங்கி போட்ட பாஸ்டரையா!

கோடையில் பக்கத்துத் தெருக்காரர்கள் குடத்தோடு வந்தார்கள். சிலர் தயங்கினார்கள். "கேட்டத் தொறந்து வைங்க. யாரு எந்தக் கோயிலுன்னு கேக்கறதுக்கு இது ஓட்டு இல்ல, தண்ணி" என்றார் அக்கா. கேட் இன்றுவரை திறந்தே இருக்கிறது. என் கார் வெளியே மரத்தடியில், காக்கைகளின் பராமரிப்பில் நிற்கிறது.

கடைசி மாதங்களில் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "எனக்குக் கொறச்சத கெணத்துல சேத்துருங்க" என்று சிரித்தவர், ஒரு மழை நாளில் அமைதியாக ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், முறை வைத்து வந்து ஜெபித்த பெண்கள் ஐக்கியத்துக்கும், அடக்கத்தன்று தங்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குச் சோறு பொங்கிக் கொண்டுவந்த பக்கத்துத் தெருக் குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி.

இதை எழுதிமுடித்த உணர்ச்சியில் செயலாளரிடம் போய், அக்காவின் நினைவாகக் கிணற்றில் ஒரு கல் வைக்கலாமா என்று கேட்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மறுபடியும் கல்லா? போன கல்லத் தூக்கினதுக்கே இன்னும் தைலம் தேச்சிக்கிட்டு இருக்கேன் தம்பி."