டிவிக்கு வாங்கிய பானை

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் அப்போது இரண்டே இரண்டு டிவிகள்தான் இருந்தன. ஒன்று எங்கள் வீட்டில், மற்றது நேர் எதிர்வீட்டில். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. முதலில் வாங்கியது நான்தான். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் சந்து மொத்தமும் எதிர்வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிடும். காரணம் சத்தம். பாண்டி பஜாரில் நகைக்கடை வைத்திருந்த அந்த மனிதர், டிவிக்கு இரண்டு பக்கமும் தேக்குப் பெட்டியில் ஸ்பீக்கர் செய்து வைத்திருந்தார். எங்கள் டிவியோ சளி பிடித்த மாதிரி மூக்கால் பேசும். அதில் கதாநாயகனுக்கும் வில்லனுக்கும் ஒரே குரல்தான்.

ஊரார் போனால் போகட்டும், என் மனைவியும் போனாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கத்தான் அந்த டிவியையே வாங்கினேன். அவளோ ஞாயிற்றுக்கிழமை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, நம் டிவியில் வசனமே புரியவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அங்கே அவளுக்குப் பிரம்பு நாற்காலி போடுவார்களாம். இடைவேளையில் சுண்டல் கொடுப்பார்களாம். வந்து விஸ்தாரமாகச் சொல்வாள். எனக்கு வயிறு எரியும். எதிர்வீட்டுக்காரர் காலையில் வணக்கம் சொன்னால்கூட, டிவியைப் பற்றித்தான் குத்திக் காட்டுகிறார் என்று தோன்றும்.

மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ரேடியோ சாமான் விற்கும் தெருவுக்கு ஒருநாள் ஆபீஸ் முடிந்து போனேன். அங்கே பழைய கடை வைத்திருந்த பாயிடம், டிவிக்கு நல்ல ஸ்பீக்கராக வேண்டும் என்றேன். அவர் என் டிவியைப் பற்றி ஒன்றுமே விசாரிக்கவில்லை.

"எதிர்வூட்ல இன்னா வெச்சிக்கீறாங்க?" என்றார்.

எதிர்வீடு என்று நான் வாயே திறக்கவில்லை. ஸ்பீக்கர் வாங்க வருகிற எல்லார் முகத்திலும் அது எழுதி ஒட்டியிருக்கும் போலிருக்கிறது. தேக்குப் பெட்டி என்றேன்.

புனல் ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டுக் காட்டினார். கட்சிக் கூட்டம் போல இருந்தது. மரப்பெட்டி இருந்தது, அதை வாங்கினால் நான் எதிர்வீட்டைப் பார்த்துக் காப்பியடித்ததாக ஆகிவிடும். கடைசியில் பாய் ஒரு பெரிய ஸ்பீக்கரை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்து, அதை மண்பானையின் வாயில் உட்கார வைக்கச் சொன்னார். சத்தம் உருண்டு திரண்டு வருமாம். எதிர்வீட்டில் இல்லாத ஒன்று என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

குளக்கரையில் பானை விற்ற அம்மாள், தண்ணீருக்கா பொங்கலுக்கா என்று கேட்டாள். டிவிக்கு என்றேன். அதற்குமேல் அவள் என்னிடம் பேரமே பேசவில்லை. முதல் பானை வயருக்கு ஓட்டை போடும்போது விரிசல் விட்டுவிட்டது. இரண்டாவது நின்றது. வாயைச் சுற்றி சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டி, உள்ளே பழைய தலையணைப் பஞ்சை அடைத்து, ஸ்பீக்கரைப் பொருத்தினேன். டிவிக்குள் இருந்த ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிப் பானைக்குக் கொடுத்தேன். செய்தி வாசிப்பவர் தொண்டை திறந்து பேசினார். சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகவில்லை என்றாள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எதிர்வீட்டுக்குக் கேட்காவிட்டால் அவ்வளவு பாடுபட்டு என்ன பிரயோஜனம்? பானையை ஜன்னல் திட்டில் சாய்த்து, வாயைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தேன்.

"உள்ள பக்கம் திருப்பி வைங்களேன், நாமதானே கேக்கப் போறோம்?" என்றாள்.

நான் கேட்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் படம் ஆரம்பித்தது. தெருவில் சத்தம் கணகணவென்று போயிற்று. வீட்டுக்குள் பானையின் முதுகுதான் முணுமுணுத்தது. அவள் என் பக்கத்தில் ஒரு பாட்டு வரைக்கும் உட்கார்ந்து பார்த்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் நிற்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்னங்க, அவர் ஸ்பீக்கர் பெட்டியை நிறுத்திட்டார். இங்க எல்லாருக்கும் நம்ம சத்தமே நல்லா கேக்குதாம். கொஞ்சம் கூட்டி வைக்கிறீங்களா?"

அவளுக்குப் பின்னால் கூடம் நிறைய ஆட்கள். ஒரே ஸ்டேஷன், ஒரே படம். அவர் டிவியில் வாய் அசைந்தது, என் பானை பேசியது. பானையை உள்ளே திருப்பிவிடக் கை பரபரத்தது. திருப்பினால் அந்த மனிதர் மறுபடியும் தன் தேக்குப் பெட்டியைப் போட்டுவிடுவார்.

எழுந்து போய்க் கூட்டி வைத்தேன்.