எங்கள் வீட்டில் நின்ற ஸ்கூட்டர்

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு வண்டி நிற்கிறது. பெண்பிள்ளைகள் பொத்தானை அமுக்கிக் கிளப்பிக்கொண்டு சிட்டாய்ப் பறக்கிறார்கள். வண்டியை உதைப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவே பார்க்க, ஒரு ஸ்கூட்டரைத் தினமும் காலையில் உதைத்துக் கிளப்பியவள் நான். ஆனால் ஒரு நாளும் அதில் உட்கார்ந்து போனதில்லை.

வண்டி என் அத்தை மகனுடையது. எங்கள் வீடு ரெட்டியார்பாளையத்தில். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. அத்தை வீடு வைத்திக்குப்பத்தை ஒட்டி, கடல் இரைச்சல் கேட்கிற இடத்தில். அத்தான் மெக்கானிக். யாரோ கழித்துப் போட்ட ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வந்து, அக்கக்காகக் கழற்றி, மறுபடி பூட்டி, இளநீலத்தில் பெயின்ட் அடித்திருந்தார். கைப்பிடி இரண்டிலும் கலர் குஞ்சம் தொங்கும். சீட்டுக்குச் சிவப்பு உறை.

அந்தக் காலத்துப் பையன்களுக்கு வண்டிதான் உயிர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கோயில் வாசலில் ஏழெட்டு வண்டி வரிசையாக நிற்கும். பெல்பாட்டமும் கூலிங் கிளாசுமாக அதன் மேல் சாய்ந்துகொண்டிருப்பார்கள். வண்டிக் கண்ணாடியை எல்லோரும் கோயில் வாசற்படியைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். முக்காடு போட்டுக்கொண்டு இறங்கி வருகிற பெண்களைத் திரும்பிப் பார்த்தால் சாமியார் திட்டுவார். கண்ணாடியில் பார்த்தால் யார் கேட்பது? அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் உதைத்துக் கிளப்பி, புகையும் சத்தமுமாகக் கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். நான் தலை நிமிராமல் அம்மா பின்னால் நடப்பேன். ஆனாலும் அத்தான் வண்டிச் சத்தம் எதுவென்று எனக்குத் தெரியும். மற்ற வண்டியெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். அது மட்டும் ஒரே சீராக உறுமும்.

பின்சீட்டில் பையன்களோடு பையன்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏறுவார்கள். ஒரு பெண் ஏறினால் அவள் பெண்டாட்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கூடப் பிறந்தவளாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அதுதான் பழக்கம். தாலி ஏறிய மறுநாள் புருஷன் பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வருகிற பெண்ணைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அத்தானுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முன்னால் ஒரு நாள் ஸ்கூட்டரை எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்து, தாழ்வாரத்தில் ஏற்றி நிறுத்தினார்.

"மாமா, நான் வர்ற வரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டும். தெனம் ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடணும். இல்லன்னா எஞ்சின் புடிச்சிக்கும்."

"எனக்கு ஷிப்டுப்பா. முட்டி வேற வலிக்குது. நான் எங்க ஒதைக்கிறது?" என்றார் அப்பா.

அத்தான் சுற்றிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னைக் கூப்பிட்டார். "ஏய் புள்ள, இங்க வா. நீ பண்ணு. பயப்படாத, கடிக்காது."

பெட்ரோல் குழாயை எப்படித் திறப்பது, குளிர்ந்த வண்டிக்கு எதை இழுப்பது, காலை எங்கே வைத்து உதைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். கிளம்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி உப்புக் காகிதத்தில் தேய்க்க வேண்டும். நான் தலையை மட்டும் ஆட்டினேன். 

அவர் போனதும் அம்மா அப்பாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பெத்த வீடு இருக்குது. கூட்டாளிங்க அத்தினி பேர் இருக்கானுங்க. உசுருக்கு உசுரான வண்டிய எதுக்கு இங்க கொண்டாந்து வுட்டான்? அதும் அவ கையில ஏன் குடுத்தான்? உங்களுக்குப் புரியல?"

அப்பா சிரித்தார். மறுநாளே தன் சைக்கிளை வெளியே சுவரில் சாத்திவிட்டுத் தாழ்வாரம் முழுவதையும் வண்டிக்கு விட்டார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு எப்படிப் படும்?

முதல் வாரம் உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் வீங்கியது. அப்புறம் கை வந்துவிட்டது. அப்பா ஆலையிலிருந்து வரும்போது டின்னில் பெட்ரோல் வாங்கி வருவார், நான் ஆயில் கலந்து ஊற்றுவேன். சத்தம் கேட்டதும் குழாயடியில் இருக்கிற பெண்கள் ஆரம்பிப்பார்கள்.

"என்னாடி, மாப்பிள்ளைய எழுப்பிட்டியா?"

"ஒதைக்கிறதெல்லாம் இப்பவே ஒதச்சிக்கோ. கல்யாணம் ஆனா முடியாது!"

"ஏன் முடியாது? எங்க வூட்டுக்காரர நான் தெனம் ஒதைக்கிறேன்."

நான் முகத்தைச் சீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு துடைத்துக்கொண்டிருப்பேன். வெட்கம்தான். ஆனால் அந்தப் பேச்சுக்காகவே மறுநாள் காலை எப்போது வரும் என்றிருக்கும்.

மஸ்கட்டிலிருந்து யாராவது வந்தால் அத்தான் பேசி அனுப்பிய கேசட் வரும். பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். வெயிலைச் சொல்வார், சாப்பாட்டைச் சொல்வார். கடைசியில், "மாமா, வண்டிய தெனம் ஸ்டார்ட் பண்ணுதா அந்தப் புள்ள? வேற யாரையும் தொட வுடாதீங்க" என்பார். அம்மா என் தொடையைக் கிள்ளுவாள்.

இதற்கு நடுவில் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை. அம்மாவும் பிள்ளையுமாக வந்திருந்தார்கள். நான் காபி கொண்டுபோய் வைத்தபோது, மாப்பிள்ளை டம்ளரை எடுத்துக்கொண்டே "சூடா இருக்குதே, கைய சுட்டுக்கலியே?" என்று கேட்டார். அந்த மாதிரி என்னை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. அவர் அம்மா தாழ்வாரத்தைப் பார்த்து, "வண்டி யாருது?" என்றார்.

"எங்க நாத்தனார் பையனுது. மஸ்கட்ல இருக்கான். வந்துடுவான்" என்றாள் அம்மா. வேண்டுமென்றேதான், கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

அவர்களுக்குப் புரிந்துவிட்டது. காபியைக் குடித்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு தரகர் அம்மாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. "அது ஸ்கூட்டர்காரன் பொண்ணு, முடிஞ்ச எடம்" என்று வெளியில் சொல்லிவிட்டார்களாம். அம்மாவுக்கு அதில் பெருமைதான்.

அத்தான் திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். முதலில் அத்தைதான் வந்தாள். கையில் ஸ்வீட் டப்பா.

"அண்ணே, உன் மருமவனுக்கு நல்ல எடமா அமைஞ்சிடுச்சி. சொல்தா வூட்டுப் பொண்ணு. அப்பங்காரன் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்குறவரு. பொண்ணுக்கு பிரான்சு நேஷனாலிட்டி. கட்டிக்கிட்டா இவனுக்கும் காகிதம் கெடச்சிடும். பாரீசுக்கே போயிடுவான்."

பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் அந்தக் காகிதம் இருக்கிற பெண்ணுக்கு வேறு நகை நட்டு எதுவும் வேண்டாம். அது அத்தைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்பா ஸ்வீட்டைக் கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாலைந்து நாள் கழித்து அத்தான் வண்டியை எடுக்க வந்தார். தடித்துச் சிவந்திருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து அடியில் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"ஒரு பொட்டு துரு இல்ல அத்தை! எங்க வூட்ல வுட்டிருந்தா இந்நேரம் உப்புக் காத்துல அரிச்சிப் போயிருக்கும். கூட்டாளிங்க வூடும் எல்லாம் கடலோரம். அதான் இங்க கொண்டாந்து வுட்டேன்."

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்குத்தானாப்பா வுட்ட?"

"பின்ன எதுக்கு அத்தை?"

அதை அவர் வஞ்சகமாகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உண்மையாகவே அவருக்கு வேறு எதுவும் தோன்றியிருக்கவில்லை. ஒரு வார்த்தை என்னிடம் ஆசை காட்டிப் பேசியவர் இல்லை அவர். நாங்களாகத்தான் நினைத்துக்கொண்டோம். கோபப்படக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போனது.

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அவருக்கு ஏக சந்தோஷம். "சூப்பரா வெச்சிருக்க புள்ள! வா, ஒக்காரு. ஒரு ரவுண்டு சுத்திக் காட்டுறேன். இத்தினி நாளு ஒதச்சியே, ஏறி ஒரு நாளாவது போனியா?"

குழாயடியில் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"வேணாம் அத்தான். பொடவ மாட்டிக்கும்" என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் முழுப் பேச்சு.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தெருமுனை திரும்பி, விழுப்புரம் ரோட்டில் பஸ் சத்தத்தில் கலக்கிற வரைக்கும் அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அம்மா அரியாங்குப்பத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டாள். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். வேறு இடங்களில் கேட்டபோது, "அந்த ஸ்கூட்டர் பொண்ணா? ஏன், அவன் வுட்டுட்டானா?" என்று கேட்டார்கள். அவர் பிடித்திருந்தால்தானே விடுவதற்கு? அதை யாருக்கு விளக்கிச் சொல்வது? அதற்கப்புறம் அம்மா கடைசி வரைக்கும் என்னை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. நான் ஜாக்கெட் தைத்துக்கொடுத்துக் காலத்தை ஓட்டினேன். எத்தனையோ கல்யாணப் பெண்களுக்குத் தைத்திருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்லுவேன்.

போன மழைக்காலத்தில் அத்தான் பிரான்சில் தவறிவிட்டதாகப் போன் வந்தது. அடக்கமும் அங்கேயே. ஊரில் அத்தை வீட்டுப் பக்கம் யாரும் மிச்சமில்லை. அவருக்காக ஒரு பூசை வைக்கலாம் என்று கோயில் ஆபீசுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளை, இறந்தவர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வேணும் ஆயா இவரு?"

"அத்த பையன்பா."

"சரி ஆயா. பூசை குடுக்கிறவங்கன்னு உங்க பேரப் படிக்கணுமா?"

"வேணாம்பா. சொந்தக்காரங்கன்னு படிச்சாப் போதும்."

மறுநாள் காலைப் பூசையில் அப்படியே படித்தார்கள். கோயிலில் கூட்டம் இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பி, யாருக்கோ பூசை போலிருக்கிறது, வீட்டு ஆட்கள் யாரையும் காணோமே என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.