கழுகுக்கு வாங்கிய லென்ஸ்

எங்கள் வீட்டு ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல் தொடங்குகிறது. அங்கே துருப்பிடித்த இரும்புக் கம்பம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்று காலையில் வந்து குந்தியிருக்கும். கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிடுமுன் அதைப் படம் எடுப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. எடுத்ததைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தால், நீல வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. என் மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "லென்ஸிலை இலையான் பறந்து வந்து இருந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

பகிடிக்குத்தான் கேட்டாள். எனக்கு அது தைத்துவிட்டது. தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்கிற பெரிய லென்ஸ் ஒன்று வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். எடுத்த முடிவு அது ஒன்றுதான். எந்த லென்ஸ் என்று முடிவெடுக்க இரண்டு வருடம் போயிற்று.

மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். லென்ஸை எங்கே போய்ப் பார்ப்பது? திருகோணமலை நகரத்தில் கமராக் கடை என்று பெயர்ப்பலகை வைத்திருந்த இடத்தில் போன் உறைகளும் சார்ஜர்களும்தான் தொங்கின. கண்ணாடி அலுமாரிக்குள் ஒரே ஒரு கமரா இருந்தது. அதை எடுத்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அது விக்கிறதுக்கில்லை. சும்மா வடிவுக்கு வைச்சிருக்கிறம்" என்றார். கொழும்புக் கடைக்குப் போன் எடுத்தால், ஓடர் கொடுத்தால்தான் எடுப்பிப்போம், எடுப்பித்த பிறகு வேண்டாம் என்று சொல்ல ஏலாது என்றார்கள்.

ஆகவே யூடியூப்பில் விழுந்தேன். அங்கே ஒருவர், இந்த லென்ஸ் இல்லாமல் பறவை எடுக்கிறவன் மடையன் என்றார். அவரே சில மாதம் கழித்து, அந்த லென்ஸை ஏன் விற்றேன் என்று இன்னொரு வீடியோ போட்டார். கமராவுக்குள் படம் பதிகிற சென்சர் சின்னதாக இருந்தால் பறவை பெரிதாகத் தெரியும் என்று ஒருவர். பெரிய சென்சர் இல்லாவிட்டால் விடியற்காலை வெளிச்சத்தில் படம் முழுக்க மணல் கொட்டினது போல இருக்கும் என்று இன்னொருவர். இரண்டையும் நம்பினேன். அதுதான் என் வியாதி. யார் கடைசியாகக் கதைத்தாரோ அவர் சொல்வது சரி என்று படும்.

எனக்குச் சிநேகிதன் ஒருவன் இருந்தான். கிண்ணியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். என்னைப் போலவே கமராப் பைத்தியம். ஆனால் அவனிடம் இருந்தது வேறு கம்பனிக் கமரா. ஒரு கம்பனியின் லென்ஸ் மற்றக் கம்பனியின் கமராவில் பூட்டாது. அதனால் எங்கள் சிநேகிதம் முழுவதும் ஒரே வாக்குவாதமாகத்தான் நடந்தது.

"மச்சான், உன்ட கம்பனிய விட்டுட்டு இங்கால வா. நான் ஒரு லென்ஸ் வாங்க, நீ ஒண்டு வாங்க, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாவிக்கலாம்தானே" என்பான்.

"நீ இங்கால வாவன்" என்பேன் நான்.

யாரும் எங்கேயும் போகவில்லை.

இரண்டாவது வருட ஓகஸ்டில் என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருவதாக இருந்தது. போனில் விஷயத்தைக் கேட்டதும், "அத்தான், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் கொண்டு வாறன்" என்றான். ஒருவழியாக லென்ஸைத் தெரிவு செய்து, அதன் பெயரை ஒரு எழுத்தும் விடாமல் அனுப்பினேன். திரும்பவும் அனுப்பினேன். படமும் அனுப்பினேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிற குறி ஒன்று பதிலாக வந்தது.

வந்து இறங்கிய அன்றே, சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்தோம். குழந்தைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. அவ்வளவு வடிவு. என் கமராவின் வாயில் லென்ஸை வைத்துத் திருகினேன். பூட்டவில்லை. மற்றப் பக்கம் திருகினேன். பின்மூடியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதே கம்பனி, அதே நீளம். ஆனால் புதுவகைக் கமராக்களுக்கென்று செய்தது.

"கடைக்காரன் சொன்னவன் அத்தான், நீங்கள் கேட்டது பழசாம். இது புதுசு, இன்னும் திறமாம்" என்றான் அவன், பெருமையோடு.

"பழைய லென்ஸைப் புதுக் கமராவிலை பூட்ட ஒரு வளையம் இருக்கு. புது லென்ஸைப் பழைய கமராவிலை பூட்ட ஒண்டுமே இல்லை" என்றேன்.

"அப்ப கமராவை மாத்துங்கோவன்" என்றான்.

என் மனைவி குசினிக்குள் போய்விட்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடையில் திருப்பிக் கொடுக்கிற தவணை, அவன் கனடாவில் விமானம் ஏறுமுன்பே முடிந்துவிட்டிருந்தது. லென்ஸுக்காகக் கமரா தேடுகிற வேலை தொடங்கியது. மறுபடியும் யூடியூப். மறுபடியும் அதே மனிதர்கள். கடைசியில் கொழும்பில் ஒருவர் பாவித்த கமரா ஒன்று அகப்பட்டது.

கமரா வந்து சேர்ந்த கிழமைதான் அந்த இரும்புக் கம்பத்தை வெட்டிக்கொண்டு போனார்கள். கரையோரத்தைத் துப்புரவாக்குகிறார்களாம். காலையில் பெரிய லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒழுங்கை முடிவில் போய் நின்றேன். வெறும் கடல். கழுகு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இதற்கு யாரோடு கோபிப்பது என்றுகூட விளங்காமல் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தேன்.

சீனன்குடாப் பக்கம் கழுகு கூடு கட்டியிருப்பதாகக் கந்தோரில் யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் போனேன். உண்மைதான். குடாவின் அந்தக் கரையில், ஒரு பட்ட மரத்தில், இரண்டு கழுகுகள். வீதியோரம் நின்று லென்ஸைத் தூக்கினேன். முதன்முறையாக ஒரு கழுகின் கண்ணைக் கண்டேன். மஞ்சள் நகத்தைக் கண்டேன். அலகில் ஒட்டியிருந்த செதிலைக்கூடக் கண்டேன். மளமளவென்று பொத்தானை அமத்தினேன்.

"மாத்தயா."

சிங்களத்தில் ஐயா என்று கூப்பிட்டபடி, பின்னால் சிப்பாய் ஒருவர் நின்றார். இளம் வயது. படைமுகாமின் வேலியில் தொங்கிய பலகையைக் காட்டினார். படம் எடுக்கத் தடை என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"பறவைதான் எடுத்தனான்" என்றேன். சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் போனை நீட்டிச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. "அவையும் எடுக்கினம்தானே?"

"அது சின்னது. இது பெரிசு" என்றார் அவர், லென்ஸைப் பார்த்தபடி. படங்களைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கழுகின் படம் வந்ததும் குனிந்து, நல்ல நேரம் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். உண்மையாகவே ரசித்துத்தான் சொன்னார். பிறகு கழுகுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த கூரையொன்றை விரலால் தொட்டு, "ஆனா அழிக்க வேணும், மாத்தயா" என்றார்.

அவர் தன் கடமையைச் செய்தார். நான் அழித்தேன். ஒவ்வொரு படத்துக்கும், நிச்சயமாக அழிக்கவா என்று கமரா கேட்டது. ஓம், ஓம் என்று அமத்திக்கொண்டே நின்றேன். இரண்டு வருடமாக வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடாமல் தெரிவு செய்த பொருள் ஒழுங்காக வேலை செய்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

கதையைக் கேட்ட கிண்ணியாக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "வா, இலங்கைத்துறைக்குப் போவம். அங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க" என்றான்.

அடுத்த ஞாயிறு போனோம். மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கரையை நெருங்க நெருங்கப் பருந்துகளும், அவற்றோடு ஒரு கடற்கழுகும், ஆட்களின் தலைக்கு மேலேயே சுற்றத் தொடங்கின. எங்களுக்கு இவ்வளவு கிட்டப் பறவை வந்ததே இல்லை. நான் லென்ஸைத் தூக்கினேன். படச்சட்டம் முழுக்க ஒரு சிறகு. அதுவும் தெளிவில்லாமல். பின்னால் நகர்ந்தேன். மணலில் கால் புதைந்து குந்தியே விட்டேன். பக்கத்தில் அவன் தன் சின்ன லென்ஸோடு டப்பு டப்பென்று எடுத்துத் தள்ளினான்.

"உன்ட சின்ன லென்ஸைத் தாவன்டா!" என்று கத்தினேன்.

"தரலாம். பூட்டுமா?" என்றான்.

பூட்டாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வலை இழுத்த மனிதர் ஒருவர், "தம்பிமார், ஒண்டில் வலையை இழுங்கோ, இல்லாட்டிக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றார். தள்ளி நின்றோம். அப்போது அவன் தன் கமராவைக் கழுத்திலிருந்து கழற்றி அப்படியே என்னிடம் நீட்டினான். "முழுசாப் பிடி. உன்டத அப்படியே இங்க தா."

என்னுடையதைக் கொடுத்தேன். தோள் காற்றில் மிதப்பது போல இருந்தது. ஆனால் அவன் கம்பனியில் எல்லாமே தலைகீழ். கிட்ட இழுக்கத் திருகினால் தூரப் போயிற்று. வெளிச்சத்தைக் குறைக்கப் போனால் கூடிற்று. திட்டிக்கொண்டே திருகினேன். கழுகு இறங்கி, வலையோரம் துள்ளிய சூடை மீனைக் காலால் பற்றிக்கொண்டு எழும்பியது. அமத்தினேன். சிறகின் நுனி வெட்டுப்பட்டுவிட்டது. கடல் சரிந்திருந்தது. ஆனால் கழுகு இருந்தது, காலில் மீன் இருந்தது, பின்னால் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து பார்க்கிற மூன்று முகங்கள் இருந்தன.

அவனைக் காணவில்லை. தேடிப் போனால், களப்புப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று, என் பெரிய லென்ஸால் அக்கரையில் நின்ற நாரைகளை எடுத்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவே இல்லை.

திரும்பி வரும்போது மூதூரில் ரொட்டி சாப்பிட நிறுத்தினோம். அவன் என் கமராவையும் லென்ஸையும் மடியிலிருந்து இறக்காமலே சாப்பிட்டான். "மச்சான், இது ஒரு கிழமைக்கு என்னட்ட கிடக்கட்டுமா?" என்று, என் முகத்தைப் பாராமல் கேட்டான். கிடக்கட்டும் என்றேன். அந்தக் கிழமை இன்னும் முடியவில்லை. கமரா எங்கே என்று மனைவி கேட்டால் அவனுடையதைக் காட்டுகிறேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு மட்டும் இன்னும் அவன் லென்ஸை எந்தப் பக்கம் திருகினால் கிட்ட வரும் என்பது பிடிபடவில்லை.