லீவில் சைக்கிள் மிதித்தவன்

ஆறு மாதம் ஒரே புராஜெக்ட். அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது. ஆனி மாதம் முடித்துக் கொடுத்ததும் மேனேஜர் பத்து நாள் லீவு கொடுத்தார், என்னமோ தன் வீட்டுச் சொத்தை எழுதிக் கொடுப்பதுபோல.

எங்கும் போகப் பிடிக்கவில்லை. மூன்று வருடமாகப் பிரிக்காமல் கிடந்த தடித்தடி நாவல்களை எடுத்தேன். மத்தியானம் படுத்தபடியே ஒரு கொரியத் தொடர். விடிந்ததும் சைக்கிள். எதிர்காற்றில் கோம்பை வரைக்கும் மிதித்துப் போய், திராட்சைத் தோட்டத்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்து ஐம்பது பக்கம் படிப்பேன். லீவில் முதல் நாலு நாள்தான் நான் மனுஷனாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில் தங்கச்சிக்குச் சின்னமனூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கும் பிடித்திருந்தது, ரொம்பவே. ஆவணியில் முடித்துவிடலாம் என்று பேச்சு. அப்பா இல்லாத வீடு என்பதால் அண்ணன்காரன் எப்படி என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி.

எங்கள் பக்கம் இந்தக் கேள்வியை வீட்டில் கேட்க மாட்டார்கள். பெண்ணெடுக்கிறவர்கள் அந்த ஊர் டீக்கடைக்கு ஒரு ஆளை அனுப்புவார்கள். அவர் பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி ஒரு டீ சொல்லி, மெதுவாக விசாரிப்பார். இது தெரியாதவனா நான்? சித்தப்பா மகளுக்காக ஆண்டிபட்டியில் நானே அப்படி உட்கார்ந்து விசாரித்தவன்தான்.

பைக் வைத்திருக்கிறவன் சைக்கிள் மிதித்தால் ஊருக்குக் காரணம் சொல்ல வேண்டும். "வண்டி என்னாச்சு தம்பி?" "சுகர் இருக்கா?" "டாக்டர் மிதிக்கச் சொன்னாகளா?" பதில் சொல்லிச் சொல்லி எரிச்சல்தான் மிச்சம். ஐந்தாம் நாள் எங்கள் ஊர் டீக்கடைக்காரர், நாலு பேர் முன்னால் கேட்டார்: "என்ன தம்பி, அரை டவுசரும் புத்தகமுமாத் திரியிறீக. வேல கீல போயிருச்சா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆமாண்ணே, வெரட்டி விட்டுட்டாக. இனிமே சைக்கிள் மிதிக்கிறதுதான் பொழப்பு" என்றேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு வந்தேன், முட்டாப்பய.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். "அவுக வேற எடம் பாக்குறாகளாம்." மாப்பிள்ளையின் தாய்மாமன் டீக்கடைக்கு வந்துபோயிருக்கிறார். கடைக்காரர் எங்கள் மேல் இரக்கப்பட்டு, "நல்ல குடும்பங்க, பையனுக்குத்தான் வேல போயி ஒருமாதிரித் திரியிறாப்ல" என்று சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால்கூடப் பொறாமை என்று நினைத்திருப்பார்கள்.

கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சின்னமனூருக்கு ஓடினேன். தாய்மாமன் உட்காரவைத்து மோர் கொடுத்தார். அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வேல இருக்குன்னா எதுக்குத் தம்பி தோட்டங்காட்டுல போயி ஒத்தையில உக்காந்திருக்கீக? மனசு கினசு சரியில்லையா?"

"ஓய்வெடுக்குறேங்க."

"இந்த வயசுலயா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. மறுநாளே வேறு பெண் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், ஊர் வாயை அடைக்க வேலையில் உட்காரு என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். மீதி லீவை ரத்து செய்துவிட்டு அன்றைக்கே வேலையில் உட்கார்ந்தேன். மீட்டிங்கில் நான் இங்கிலீஷில் பேசுவது தெருவுக்குக் கேட்கட்டும் என்று அம்மா மாடி ஜன்னலை அகலத் திறந்துவைத்தாள். கழுத்து வரைக்கும் ஆத்திரம். ஊர்மேல், தாய்மாமன்மேல், டீக்கடைக்காரர்மேல்.

தங்கச்சி காப்பி கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "மன்னிச்சிரு தாயி. மூச்சுவிட ஒரு பத்து நாள்தான் கேட்டேன், அது குத்தமா?" என்றேன்.

"குத்தமில்லண்ணே. ஆறு மாசமா நீ கேட்ட நேரமெல்லாம் காப்பி போட்டு, ஒனக்கு மீட்டிங்னா டிவி சத்தத்தக்கூடக் கொறச்சுட்டு இருந்தேன். எனக்கு யாரு லீவு குடுத்தா? இந்தக் கல்யாணந்தான் லீவுன்னு நெனச்சிருந்தேன்."

டம்ளர் காலியாகும் வரைக்கும் நின்று, அதை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.